பெயர் எழுதாத குழாய்கள்: டாக்டர் தவமணி நினைவாக

எங்கள் ஊர் பாலர் பள்ளி விடும் நேரம். காரை வாசலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, மகள் வெளியே வரக் காத்திருந்தேன். முன்னால் அன்னாசி ஏற்றிய லாரி, பின்னால் பள்ளி வேன், நடுவில் நான். அப்போதுதான் குகன் அண்ணன் கூப்பிட்டார். டாக்டர் தவமணியின் தம்பி அவர். "அக்கா விடியக்காலமை போயிட்டா, கலா. நெஞ்சிலே சளி கட்டிப்போச்சு. மூச்சு விடேலாமப் போச்சு," என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பின்னால் இருந்த வேன்காரர் ஹாரன் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. சில நாட்களுக்கு முன்புதான் என் மகள் மகிழினி ஒழுகும் மூக்கோடு டாக்டரின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவரோடு பிஸ்கட் தின்றுவிட்டு வந்திருந்தாள். அந்தச் சளிதானா இது? அந்த நேரம் பார்த்து மகிழினி பள்ளி வாசலில் தோன்றினாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். கார்க் கதவைத் திறக்க என் கை எழவில்லை. அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தேன்.

டாக்டரை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவரிடம் பிள்ளைகளைக் காட்டியவர்கள், அவரோடு வார்டில் வேலை செய்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள். திட்டு வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள். என்னைச் சிலருக்குத் தெரியாது. ஜொகூர் பாருவில் அவர் இருந்த மருத்துவமனையில், கிருமி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வார்டில் யாருக்காவது இருமல் முற்றினால் மூக்கில் குச்சி விட்டு எடுத்து அனுப்புவார்கள் அல்லவா, அது வந்து சேரும் மேசை என்னுடையது. எந்த வைரஸ் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அது போக, டாக்டரின் ஆராய்ச்சிக்கும் நான்தான் கை.

அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆர்.எஸ்.வி. என்று ஒரு சளி வைரஸ். அபூர்வமானது ஒன்றும் இல்லை. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மூன்று வயதுக்குள் ஒரு தடவையாவது அதைச் சந்தித்துவிடுகிறார்கள். நமக்கு வந்தால் வெறும் தடிமன், சளி. நான்கு வயதுப் பிள்ளைக்கு மூக்கொழுகும், இரண்டு நாள் இருமும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு வந்தால் மூச்சே திணறிப்போகலாம். ஒரே வைரஸ் ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது? சிறு குழந்தையின் மூச்சுக்குழல் மெலிது என்பது பாதிப் பதில் என்பார் டாக்டர். மீதிப் பாதி இரத்தத்தின் வெள்ளணுக்களில் இருக்கிறது என்று அதன் பின்னால் வருடக்கணக்காகப் போனார். கைக்குழந்தை, தவழும் பிள்ளை, பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று ஒவ்வொரு வயதிலும் அந்த அணுக்கள் இந்த வைரஸைக் கண்டு என்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி.

வார்டிலிருந்து பிள்ளைகளின் இரத்தம் சின்னக் குழாய்களில் வரும். அதைச் சுழற்றி எடுத்தால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மங்கலாக ஒரு வெள்ளை வளையம் நிற்கும். தேடுகிற அணுக்கள் அங்கேதான். கை நடுங்காமல் அதை உறிஞ்சி எடுப்பது என் வேலை. குழாயின் மேல் எண்ணும் வயதும் மட்டும்தான் இருக்க வேண்டும், பெயர் இருக்கக்கூடாது. இது டாக்டரின் சட்டம். ஒருமுறை வார்டில் புதிதாகச் சேர்ந்த தாதி ஒருவர் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டார். நான் பார்ப்பதற்குள் டாக்டர் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய், வேறொருவரைக் கொண்டு பெயரை எடுக்க வைத்துத்தான் திருப்பித் தந்தார். இதென்ன பெரிய விஷயம் என்று நான் முணுமுணுத்தேன். "பேர் தெரிஞ்சா கண்ணு ஆசைப்படும், கலா. நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டுப் பார்த்தா நல்லா இருக்கற மாதிரியே தெரியும்," என்றார்.

அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற குடும்பம். நாங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிடும். "நீர்" என்று ஆரம்பித்தால் ஓடிவிட வேண்டியதுதான் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கேலி உண்டு.

மகிழினி பிறந்தது, கொரோனாவுக்காக மூடிய சிங்கப்பூர் எல்லை திறந்த வருடத்தின் கடைசியில். அதற்கு முன்பு சிங்கப்பூரில் வேலை செய்யும் என் கணவர் சேகர் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, நான் இந்தப் பக்கம் கிடந்தது ஒரு பெரிய கதை. அதை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு வருடமாக விசேஷமே இல்லாமல் கிடந்த சொந்தபந்தம் எல்லாம் குழந்தையின் முப்பதாம் நாளுக்குத் திரண்டு வந்தது. நம் வீடுகளில் வழக்கம் தெரிந்ததுதானே. முப்பது நாள் தாயையும் பிள்ளையையும் காற்றுக்கூடப் படாமல் அறைக்குள் வைப்போம். முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பெயர் வைத்து, ஊரையே அழைத்து ஆளாளுக்குக் கையில் கொடுப்போம்.

டாக்டரையும் அழைத்திருந்தேன். வந்தார். ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. தொண்டை கரகரக்கிறது என்று சொல்லி, பரிசை சேகரிடம் நீட்டிவிட்டு, வெயிலில் அங்கேயே நின்று குழந்தையை எட்டிப் பார்த்தார். உள்ளே என் பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. படித்தவர்கள், நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்றார். அதே நேரம் யோங் பெங்கிலிருந்து வந்த என் அண்ணன் மகன், நான்கு வயது, மூக்கொழுக ஓடி வந்து குழந்தையின் வாயிலேயே முத்தம் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். வைரஸைத் தேடிச் சம்பளம் வாங்குகிற நான், அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

அந்த வாரமே குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினாள். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. மருத்துவமனையில் தனி அறை, மூக்கில் ஆக்சிஜன் குழாய், கண்ணாடிக் கதவு. என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்து பார்த்து, ஆர்.எஸ்.வி. என்று சொல்லி அனுப்பினார். அந்த அறையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தபடியே நாள் தெரியாமல் கிடந்தேன். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதை விட்டுக் கண்ணை எடுத்தால் அது நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்காரத்தனமான நினைப்பு. முத்தம் கொடுத்தவன் யோங் பெங்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பதாக அண்ணி போனில் சொன்னார். அவனை எடுத்து அறைய வேண்டும் போல இருந்தது.

டாக்டர் காலையும் மாலையும் வருவார். முப்பதாம் நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் கேட்டேன், அவனுக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது, இவளுக்கு ஏன் இப்படி என்று. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். "அவனோட செல்லுங்க இந்த வைரஸை முன்னாடியே பார்த்திருக்கும். வந்த உடனே அடையாளம் கண்டுக்கும். இவ செல்லுங்க இன்னும் யாரையுமே பார்த்ததில்ல. ஆள் பத்தாம இல்ல, கலா. அறிமுகம்தான் பத்தல." பிறகு கொஞ்சம் இரத்தம் எடுத்துக்கொள்ளட்டுமா, வளர்ந்த பிறகும் ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டார். அந்த நேரத்தில் என் சிறுநீரகத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மகிழினி பிழைத்தாள். நான்தான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. அதைப் பெக்கான் நானாஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லலாம். முன்பக்கக் கிரில் கதவுக்குப் பூட்டு. யாரும் உள்ளே வரக்கூடாது, நாங்களும் எங்கும் போகக்கூடாது. கல்யாணம் கிடையாது, தைப்பூசம் கிடையாது, தீபாவளிக்கு ஊரை அழைக்கும் திறந்த இல்ல விருந்து கிடையாது. சேகர் வேலை முடிந்து பாலத்தில் முட்டி மோதி வந்து, பின்பக்கக் குளியலறையில் குளித்துவிட்டுத்தான் மகளைப் பார்க்க வேண்டும். "நான் என்ன கிருமியா லா?" என்று ஒருநாள் ஈரத் தலையோடு கேட்டார். சட்டையை வாளியில் போடச் சொன்னேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் அம்மா மட்டும் உள்ளே இருப்பார். அவரையும் கோயிலுக்குப் போகக்கூடாது என்று நிறுத்திவைத்திருந்தேன். பெரியம்மா பேச்சை விட்டார். அண்ணன் குடும்பம் வருவதே இல்லை. எனக்கு அதுவும் நல்லதாகத்தான் பட்டது.

தெரியாதவர்களுக்குப் பயம் ஒருவிதம். எனக்குத் தெரிந்ததுதான் என்னைப் பூட்டியது. பகலெல்லாம் சளி வந்த பிள்ளைகளின் குழாய்களைக் கையில் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து என் பிள்ளையைத் தூக்க வேண்டும். கதவு, பை, லிஃப்ட், சில்லறை எல்லாவற்றிலும் அதைப் பார்த்தேன். மூன்று வயது ஆகும்வரை மகிழினிக்கு உலகம் என்றால் அப்பா, அம்மா, அம்மாயி என்கிற என் அம்மா, பிறகு தெருவில் மோட்டாரில் வரும் ரொட்டிக்காரர். அவர் ஹாரன் கேட்டால் கிரில்லுக்கு ஓடி வந்து கை காட்டுவாள். அவரும் காட்டுவார். ரொட்டி வாங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உள்ளே விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். விடச் சொல்லவும் இல்லை. போர்ட்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கிரில்லுக்கு வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாலையோரக் கடையில் வாங்கிய வெட்டிய அன்னாசியை புளிப்பும் உப்புமான அசாம் பொடியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். மகிழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தார். பாட்டு சொல்லிக்கொடுப்பதில்லை, கதை சொல்வதில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் மகிழினி தன் பொம்மையைக் கம்பி வழியாக நீட்ட, அவர் வாங்கிக்கொள்ள, நான் கிருமிநாசினி போத்தலோடு ஓடினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. இன்னொரு ஞாயிறு, பக்கத்துத் தெருப் பெண்பிள்ளை ஒருத்தி பந்து எடுக்க எங்கள் கேட்டருகே வந்தாள். மகிழினியின் வயதுதான் இருக்கும். அவளைக் கண்டதும் மகிழினி அலறிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினாள். டாக்டர் எழுந்து நின்றார். "முதல் ஆறேழு மாசம் நீர் பூட்டினது சரி. நானெண்டாலும் பூட்டியிருப்பன். இப்ப நீர் பிள்ளையைப் பாக்கேல்லை, கலா. உம்மட பயத்தைப் பாக்கிறீர்," என்றார். உங்களுக்குப் பிள்ளை இல்லை டாக்டர், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். கேட்டது கேட்டதுதான். அவர் மீதி அன்னாசியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்து, சுழற்றும் இயந்திரத்தின் மூடி சரியாகிவிட்டதா என்று எப்போதும் போல விசாரித்தார். நானும் எப்போதும் போல இல்லை என்று சொன்னேன்.

குழந்தையாக இருந்தபோது இரத்தம் கொடுத்த பிள்ளைகளிடம் திரும்ப எடுக்கும் வேலை அந்த வருடம் தொடங்கியது. வார்த்தை கொடுத்திருந்தேனே, மறுக்க முடியவில்லை. முகக்கவசத்தோடு டாக்டர் முதன்முறையாக வீட்டுக்குள் வந்தார். அவர் ஊசி குத்தி இரத்தம் எடுத்தபோது மகிழினி அழவில்லை. அவருடைய காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் ஒரு தொகுதிக் குழாய்கள் என் மேசைக்கு வந்தன. இன்னும் வைரஸையே சந்திக்காத கைக்குழந்தைகளுடையவை சில, மூன்று வயதைத் தொட்டவர்களுடையவை சில. அணுக்களைப் பிரித்து, சின்னக் குழிகளில் இட்டு, அந்த வைரஸின் சிறு துண்டுகளை அவற்றுக்குக் காட்டி, கதகதப்பில் வைத்தேன். மறுநாள் இயந்திரத்தில் கொடுத்தால் திரையில் புள்ளி புள்ளியாக வரும். ஒரு புள்ளி ஓர் அணு. பழைய அறிமுகம் உள்ளவை எழுந்து மேலே ஏறி நிற்கும். கைக்குழந்தைகளின் திரை அமைதியாகக் கிடந்தது. மூன்று வயதுக்காரர்களின் திரையில் ஒவ்வொன்றிலும் புள்ளிகள் ஏறின. ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு, ஆனால் எல்லாவற்றிலும் ஏறின.

டாக்டர் பின்னால் வந்து நின்றார். இதில் ஒன்று மகிழினி என்றார். எது என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "எல்லாமே பதில் சொல்லிடுச்சே, கலா. எது உன்னோடதா இருந்தா என்ன?" என்றார். பிறகு, உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். இந்த வைரஸ் திரும்பத் திரும்ப வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வருவது நல்லது என்றும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பார்த்துப் பேசத் தெரிந்துகொண்ட அணுக்கள் இப்போது அவளுக்குள் இருக்கின்றன, அவள் மூச்சுக்குழலும் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றார். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மறக்க நினைத்த அந்த மருத்துவமனை அறையை என் பிள்ளையின் இரத்தம் மறக்கவில்லை. ஆனால் அது என்னைப் போலப் பயந்துபோய் நினைவு வைத்திருக்கவில்லை.

பள்ளி திறந்ததும் மகிழினியைப் பாலர் வகுப்பில் விட்டேன். நான் வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். சில நாளிலேயே சளி பிடித்துக்கொண்டு வந்தாள். குச்சி விட்டு எடுத்து நானே பார்த்தேன். அதே ஆர்.எஸ்.வி. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். விலா உள்ளே இழுக்கிறதா, சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டார். இழுக்கவில்லை, மைலோ கேட்கிறாள் என்றேன். கலக்கிக் கொடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் மூக்கொழுகினாள், மூன்றாம் நாள் பள்ளிக்குப் போகவேண்டும் என்று அழுதாள். கிரில் பூட்டின் சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

டாக்டருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். வாழ்நாள் முழுக்க வெள்ளணுக்களின் பின்னால் போனவருக்கு அவற்றிலேயே நோய் வந்தது. இதில் ஏதோ பொருள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் அடிக்க வருவார், அதனால் நானும் சொல்லவில்லை. சிகிச்சை நல்ல அணுக்களையும் சேர்த்துக் கொன்றது. யாரையும் பார்க்கக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று அவரை அவருடைய அடுக்குமாடி வீட்டில் அடைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பாலமும் அதில் நகராத வாகன வரிசையும் தெரியும். காவல் வேலை என்னுடையதாகிவிட்டது. சாப்பாடு வாங்கிப்போய்க் கதவுக்கு வெளியே வைப்பேன். தும்மினவர்களை லிஃப்டிலிருந்தே திருப்பி அனுப்புவேன். குகன் அண்ணனையே ஒருமுறை அனுப்பிவிட்டேன்.

அடைந்து கிடக்க அவருக்கு வராது. எரிச்சல் படுவார், தட்டைத் தள்ளுவார், மகிழினியைக் கூட்டி வா என்று நச்சரிப்பார். அவள் பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளை, மூக்கு காய்வதே இல்லை, முடியாது என்பேன். ஒருநாள் சாப்பாட்டுப் பையோடு போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறக்காமல், அந்தப் பக்கத்திலிருந்தே "நீ எப்படி மூணு வருஷம் இருந்தே?" என்று கேட்டார். பிறகு, "நான் உன் வீட்டுக்கு வெளியில உக்காந்துகிட்டுப் பேசிட்டேன், கலா. உள்ள இருக்கறது வேற," என்றார். நான் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டேன். இருவரும் ஒரு கதவின் இரண்டு பக்கமும் இருந்தோம். அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

சிகிச்சை பலிக்கவில்லை. இனி வேண்டாம் என்று அவரே நிறுத்தினார். நிறுத்திய மறுநாள் எனக்குப் போன். மகிழினிக்குச் சளி, அடுத்த வாரம் கூட்டி வருகிறேன் என்றேன். "அடுத்த வாரம் எனக்கு இருக்கான்னு தெரியல. சளியோட கூட்டிட்டு வா. நான் டாக்டர், எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கேக்கறேன்," என்றார். சேகர் வேண்டாம் என்றார். நான் கூட்டிப்போனேன். மகிழினிக்கு முகக்கவசம் மாட்டிவிட்டேன். உள்ளே போனதும் அவள் அதை இழுத்துக் கழுத்தில் விட்டுக்கொண்டு கட்டிலில் ஏறினாள். தான் கடித்த பிஸ்கட்டில் பாதியை டாக்டரின் வாயில் வைத்தாள். நான் எழுந்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னை உட்கார வைத்துவிட்டு அதைத் தின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

அதற்குச் சில நாட்களில்தான் காய்ச்சல், இருமல், வார்டு, குகன் அண்ணனின் அழைப்பு.

மின்சுடலையில் எல்லாம் முடிந்து குகன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். எனக்குள் அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. வார்டிலிருந்து அவருடைய மூக்குக் குச்சி வரும், நானே பார்த்துவிடலாம் என்று அவர் கிடந்த நாளெல்லாம் மேசையில் காத்திருந்திருக்கிறேன். வரவே இல்லை. ஏன் எடுக்கவில்லை, யாருடைய அலட்சியம் இது என்று குகன் அண்ணனிடமே சத்தமாகக் கேட்டேன். அவர் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். "வார்டு டாக்டர் எடுக்கத்தான் வந்தவர். அக்கா வேண்டாமெண்டா. எந்த வைரஸெண்டு தெரிஞ்சு இப்ப என்ன செய்யப் போறியள் எண்டு கேட்டா. அவர் போன பிறகு என்னட்டைச் சொன்னா, 'அது கலாவின்ர மேசைக்குத்தான் போகும்' எண்டு."

எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பிள்ளை இருமினாலும் எந்த வைரஸ் என்று கேட்காமல் விடாதவர். அதைக் கேட்டுக் கேட்டே எங்களை எல்லாம் வதைத்தவர். தன் முறை வந்தபோது மட்டும் மூக்கைத் திருப்பிக்கொண்டார். சிகிச்சைக்குப் போன வார்டிலிருந்து வந்திருக்கலாம், லிஃப்டில் யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம், அந்தப் பிஸ்கட்டில் வந்திருக்கலாம். எனக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆய்வுக்கூடத்தின் எந்தக் குளிர்பெட்டியிலும் அதற்கான குழாய் இல்லை. இதிலிருந்து எனக்கு விடுதலையும் இல்லை. ஜொகூர் பாருவிலிருந்து பெக்கான் நானாஸ் வரும்வரை காரில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை மகிழினிக்குச் சீருடை போட்டுப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். மூக்கு காய்ந்திருந்தது. வாசலில் இறங்கும்போது, "டாக்டர் ஆன்ட்டி எதனால செத்துப் போனாங்கம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாதுடா," என்றேன்.

அது உண்மை. என் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்து அதைச் சொல்ல முடிந்தது. அந்தக் குச்சி என் மேசைக்கு வந்து, அது மகிழினியின் சளிதான் என்று காட்டியிருந்தால், இந்தக் கேள்விக்கு ஒன்று நான் அவளிடம் ஆயுள் முழுக்கப் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவளை மறுபடி வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். டாக்டர் தவமணி எனக்கென்று விட்டுப்போனது 'தெரியாது' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அதைத்தான் வைத்திருக்கிறேன். மகிழினி அதைக் கேட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பிள்ளைகளுக்குள் ஓடினாள்.